கரடி தொங்கிப் பார்த்த கொக்கி

ஒரு காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிளந்து ஓடியது. ஆறு என்றால், குழந்தைகளே, நீங்கள் கால் நனைத்து விளையாடும் ஆறு அன்று. பாறைகளைக் குடைந்துகொண்டு, கீழே, வெகு கீழே இரைந்து ஓடும் ஆறு. கரையில் நின்று எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும்.

அக்கரை முழுவதும் நாவல் மரங்கள். இக்கரையிலோ புல்லும் முள்ளுமே இருந்தன. ஆகையால் இக்கரையில் வாழ்ந்த சிறு விலங்குகள் ஆற்றைக் கடக்க ஒரு வழி செய்துகொண்டிருந்தன. மூங்கிலால் பின்னிய பெரிய கூடை ஒன்று. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு மரக்கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை, செத்த விலங்கைத் தின்னும் பாறுக் கழுகு ஒன்றின் காலில் வளையமாக மாட்டப்பட்டிருக்கும். நான்கு கழுகுகளும் ஒன்றாகச் சிறகடித்தால் கூடை மேலே எழும். ஆற்றைக் கடந்து அக்கரையில் இறங்கும்.

கழுகுகளுக்குத் தலைவி நெடுஞ்சிறகி. அவள் எதிலும் ஒழுங்கு பார்ப்பவள். கயிற்றை இழுத்துப் பார்ப்பாள். முடிச்சைக் கொத்திப் பார்ப்பாள். அதன் பின்பே "ஏறுங்கள்" என்பாள்.

அந்தக் கூடையில் ஏற ஒவ்வொரு முறையும் நடுங்குபவள் சிற்றடி என்னும் சருகுமான். முயலைவிடச் சற்றே பெரிய உடல். குச்சி போன்ற கால்கள். பக்கத்தில் ஒரு சருகு அசைந்தாலும் அவள் நெஞ்சு படபடக்கும். அவளுக்கு ஒரே குட்டி. பெயர் தினை. நாவல் பழுத்த அந்த ஆடி மாதக் காலையில்தான் தினை முதன்முதலாகக் கூடையில் ஏறவிருந்தாள்.

"அம்மா, நாவற்பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிவிடுமாமே! மெய்தானா?"

"மெய்தான். நீ ஆடாமல் நில். கரையின் விளிம்பருகே போகாதே."

"இன்னும் கூடையே கிளம்பவில்லை, அக்கா! அதற்குள் நடுங்குகிறாயே!" என்று சிரித்தான் துடுக்கன் என்னும் முயல். பொறுமை என்பதை அவன் கேள்விப்பட்டதும் இல்லை. "உனக்குக் கூடை வேண்டா. உன்னை ஓர் இலையில் மடித்துத்தான் அனுப்ப வேண்டும்."

அப்பொழுது கரிச்சான் குருவி ஒன்று மூச்சு வாங்கப் பறந்து வந்து கூடையின் விளிம்பில் அமர்ந்தது. மலைப் பறவைகளின் சபை அனுப்பிய தூதன் அது.

"யாரும் ஏறாதீர்கள்! ஏறியவர்கள் இறங்குங்கள்!" என்று கத்தியது. "வடக்குப் பள்ளத்தாக்கில் ஒரு கூடை விழுந்துவிட்டது. கொக்கி முறிந்து விழுந்தது. அந்தக் கொக்கியை எந்த மரத்தில் செய்தார்கள் தெரியுமா? அருவிக்கரையில் சாய்ந்து கிடந்த வேங்கை மரத்தில்!"

நெடுஞ்சிறகியின் கழுத்து நீண்டது. "எங்கள் கொக்கிகளும் அந்த மரத்தில் செய்தவையே."

"அதனால்தான் பறந்து வந்தேன். வெளியே பார்த்தால் அந்த மரம் இரும்பு போல் இருக்கும். உள்ளே வண்டு அரித்திருக்கிறது. சபையின் கட்டளையைக் கேளுங்கள்: அந்த மரத்துக் கொக்கிகள் அனைத்தையும் கழற்றி எறிந்துவிட வேண்டும். வேறு மரத்தில் செய்தவற்றை மாட்டிய பிறகே பறக்க வேண்டும். அதுவரை எந்தக் கூடையும் தரையை விட்டு எழக் கூடாது."

"விழுந்த கூடையில் இருந்தவர்கள்?" என்று சிற்றடி மெல்லக் கேட்டாள்.

கரிச்சான் சிறகை விரித்தது. பிறகு, "நான் தெற்குப் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறந்து போயிற்று.

சிற்றடி தினையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கொக்கி செய்பவன் முள்ளம்பன்றி. அவனை அழைத்துக் கேட்டார்கள். "ஈட்டி மரத்தில் செய்யலாம். ஆனால் அது பல்லை உடைக்கும் மரம். நான்கும் முடிய நான்கைந்து நாளாவது ஆகும்" என்றான் அவன்.

"நான்கைந்து நாளா!" துடுக்கன் துள்ளி எழுந்தான். "அதற்குள் மழை பிடித்துக்கொண்டால் பழமெல்லாம் சேற்றில் உதிர்ந்துவிடுமே! தலைவியே, நம் கூடை விழுந்ததா? இல்லை. நம் கொக்கி முறிந்ததா? இல்லை. எங்கோ எவனோ விழுந்ததற்கு நாம் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?"

"கட்டளை என்றால் கட்டளைதான்" என்றாள் நெடுஞ்சிறகி.

"உங்களுக்கு என்ன கவலை? நாங்கள் விழுந்து செத்தால் உங்களுக்கு விருந்துதானே!"

"அதனால்தான் தடுக்கிறேன், முயலே. செத்தவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர் இந்தக் காட்டில் இல்லை."

அந்த வேளையில் தேனடை ஒன்றைச் சப்பிக்கொண்டே கருமலை வந்து சேர்ந்தான். கருமலை ஒரு கரடி. அவனுக்கு நல்ல மனம். அதனினும் பெரிய உடல். அவ்வுடலைப் பற்றி அவனுக்கிருந்த பெருமையோ உடலினும் பெரிது.

"என்ன கூட்டம்? என்ன வழக்கு?" என்றான்.

"வாருங்கள், கரடி மாமா! நீங்களே சொல்லுங்கள்" என்று துடுக்கன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

கருமலை கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு தன் தொப்பையைத் தட்டிச் சிரித்தான். "இதற்கா இத்தனை பேச்சு? நீங்கள் எல்லாரும் சேர்ந்தாலும் என் ஒரு தொடைக்கு ஆகமாட்டீர்கள். நான் தொங்கிப் பார்க்கிறேன். என்னைத் தாங்கும் கொக்கி உங்களைத் தாங்காதா?"

"கட்டளையில் மாற்று என்று இருக்கிறது. தொங்கிப் பார் என்று இல்லை" என்றாள் நெடுஞ்சிறகி.

"தாங்கினால் மாற்றுவானேன், அம்மா?"

கயிறுகளை ஒரு மருத மரத்தின் கிளையில் கட்டினார்கள். கூடை தரைக்கு மேலே தொங்கியது. கருமலை முதல் கொக்கியை இரு கைகளாலும் பற்றி, கால்களை மடக்கித் தொங்கினான். கிளை வளைந்தது, கயிறு முறுக்கேறியது, கொக்கி அசையவில்லை. "ஆகா!" என்றது கூட்டம். இரண்டாம் கொக்கி. மூன்றாம் கொக்கி. நான்காம் கொக்கியில் தொங்கியபோது அவன் ஊஞ்சல்கூட ஆடினான்.

"பார்த்தீர்களா? பார்த்தீர்களா?"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். மற்ற மூன்று கழுகுகளும் தலைவியின் முகத்தைப் பார்த்தன. நெடுஞ்சிறகி கயிறுகளை மீண்டும் இழுத்துப் பார்த்தாள். கரடியைத் தாங்கியது முயலைத் தாங்காதா? அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தாங்கும் என்றே அவளுக்குப் பட்டது.

"சரி" என்றாள் இறுதியில். "ஏறுங்கள்."

சிற்றடி மட்டும் அசையவில்லை. "நாங்கள் புதிய கொக்கி வந்த பிறகு வருகிறோமே" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அக்கா, கரடி மாமா ஊஞ்சல் ஆடியதைக் கண்ணால் பார்த்த பிறகுமா? அடுத்தாற்போல் தரை தாங்குமா என்று கேட்பாய் போலிருக்கிறதே!" என்றான் துடுக்கன்.

எல்லாரும் சிரித்தார்கள். தினையும் சிரித்தாள். "அம்மா, வா அம்மா! எல்லாரும் பார்க்கிறார்கள்!"

எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிற்றடி தலையைக் குனிந்துகொண்டு கூடையில் ஏறினாள்.

நான்கு கழுகுகளும் சிறகடித்தன. கூடை எழுந்தது. கரையும், கரையில் கையசைத்த கரடியும் சிறுத்துப் போயின. அன்று காற்றுகூட இல்லை. வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிவாக இருந்தது. நாவற்பழத்தின் மணம் அக்கரையிலிருந்து மெல்ல வந்தது.

"நல்ல மணம், அம்மா!" என்றாள் தினை.

சுள்ளி ஒடிவது போல ஓர் ஓசை. அவ்வளவுதான்.

கூடையின் ஒரு மூலை சட்டென்று கீழே போயிற்று. அந்த மூலையின் கயிற்றைத் தாங்கியிருந்த நெடுஞ்சிறகி, பாரம் விட்டதனால், எறிந்த கல் போல மேலே போனாள். துடுக்கன் மூங்கில் பின்னலுக்குள் நகங்களைப் பாய்ச்சிக்கொண்டு அலறினான். சிற்றடி விளிம்பைப் பல்லால் கவ்வினாள். கவ்விய பிறகே அறிந்தாள்: கவ்விய வாயால் தினையைக் கவ்வ முடியாது.

தினை அவள் பக்கமாகச் சறுக்கிக்கொண்டு போனாள். அந்தச் சிறு குளம்பு சிற்றடியின் விலாவைத் தொட்டது. பிறகு தொடவில்லை.

குட்டி விழுவதை அவள் பார்த்தாள். கத்த வேண்டும் என்று தோன்றியது; கத்தினால் வாய் திறக்கும். தினையும் கத்தவில்லை. என்ன நடக்கிறது என்று அந்தக் குட்டிக்குப் புரியவேயில்லை. கண்களை அகல விரித்து, அம்மாவையே பார்த்துக்கொண்டு, அது சிறியதாகி, மேலும் சிறியதாகிக் கீழே போயிற்று.

ஒரு பெரிய நிழல் கூடையைக் கடந்து பாய்ந்தது. நெடுஞ்சிறகி சிறகுகளை மடக்கித் தலைகீழாக இறங்கினாள். ஆற்றை நெருங்கும்போது தினைக்கு அடியில் புகுந்து சிறகுகளை விரித்தாள். குட்டி அவள் முதுகில் மோதியது, உருண்டது, நீரில் விழுந்தது. வெள்ளம் அதை வாரிச் சுருட்டிக்கொண்டது.

கரையில் நின்ற கருமலை, பாறைச் சரிவில் உருண்டும் சறுக்கியும் இறங்கி, அப்படியே ஆற்றில் குதித்தான். இருமுறை மூழ்கினான். மூன்றாம் முறை எழுந்தபோது, அவன் வாயில் நனைந்த துணி போல ஏதோ தொங்கியது.

மற்ற மூன்று கழுகுகளும் சாய்ந்த கூடையை எப்படியோ இக்கரைக்கே இழுத்து வந்து சேர்த்தன. சிற்றடி இறங்கவில்லை, விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து ஓடினாள்.

தினைக்கு உயிர் இருந்தது. பின்னங்கால் ஒன்று திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சிற்றடி அவள் முகத்தை நக்கினாள்; நக்கிக்கொண்டே இருந்தாள்.

நெடுஞ்சிறகி ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். அவளது கயிற்றின் முனையில் பாதிக் கொக்கி இன்னும் மாட்டியிருந்தது.

"நான் தொங்கினேனே!" என்றான் கருமலை. அவன் உடலிலிருந்து நீர் சொட்டியது. "என்னையே தாங்கியதே! எல்லாரும் பார்த்தீர்கள் அல்லவா? என்னைத் தாங்கியது எப்படி இந்தக் குட்டியின் பாரத்துக்கு முறியும்?"

நெடுஞ்சிறகி பாதிக் கொக்கியை அவன் முன் வைத்தாள். முறிந்த இடத்தில் மரம் இல்லை. மாவு போன்ற பொடிதான் இருந்தது. அந்தப் பொடியைச் சுற்றி மேலோடு மட்டும் மெல்லியதாக எஞ்சியிருந்தது. மேலோட்டின் ஓரத்தில், முறிவுக்கு முன்பே விழுந்த விரிசல் ஒன்று நீளமாக ஓடியது. அந்த விரிசலுக்குள் ஏதோ கரிய நூல் போலச் சிக்கியிருந்தது.

கருமலை குனிந்து பார்த்தான்.

அது நூல் அன்று. கரடியின் மயிர்.

"நீ தொங்கியபோது இது உன்னைத் தாங்கியது" என்றாள் நெடுஞ்சிறகி. "தாங்கும்போதே பிளந்தது. நீ கீழே இறங்கியதும், உன் மயிரைக் கவ்விக்கொண்டு பிளவு மூடிக்கொண்டது. நாம் ஆரவாரம் செய்துகொண்டிருந்தோம். நான் 'ஏறுங்கள்' என்றேன்."

கருமலை தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தான். அவை யாருடையவோ என்பது போலப் பார்த்தான். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

முள்ளம்பன்றி எஞ்சிய மூன்று கொக்கிகளையும் கழற்றி, ஒவ்வொன்றாகக் கடித்துப் பிளந்தான். முதலாவதன் உள்ளே பொடி. இரண்டாவதன் உள்ளே பொடி. பொடிக்கு நடுவில் ஒரு புழு நெளிந்தது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. மூன்றாவதை அவன் பலமுறை கடித்தான். பல் இறங்கவில்லை. ஓரத்தில் ஒரு சிராய் மட்டும் பெயர்ந்தது. உள்ளே மரம் செந்நிறமாய்க் கெட்டியாய் இருந்தது.

"இது நன்றாக இருக்கிறதே!" என்றான் துடுக்கன். அப்பொழுதும் அவன் வாய் நிற்கவில்லை. "இதையாவது வைத்துக்கொள்ளலாமே. மூன்று செய்தால் போதும். ஒரு நாள் மிச்சமாகும் அல்லவா?"

எல்லாரும் நெடுஞ்சிறகியைப் பார்த்தார்கள். அவள் சிற்றடியைப் பார்த்தாள்.

சிற்றடி எழுந்தாள். கூட்டத்தின் நடுவே நடந்து வந்தாள். அவள் கால்கள் எப்பொழுதும் போல் நடுங்கின; ஆயினும் நிற்கவில்லை. "கொஞ்சம் விலகு, தம்பி" என்றாள் துடுக்கனிடம். கெட்டியாக இருந்த அந்தக் கொக்கியைப் பல்லால் கவ்வி எடுத்தாள், கரையின் விளிம்பு வரை சென்றாள், வாயைத் திறந்தாள்.

கொக்கி ஆற்றுக்குள் போயிற்று.

"நான்கும் புதிதாகவா செய்ய வேண்டும்?" என்று முள்ளம்பன்றி கேட்டான்.

"நான்கும்" என்றாள் சிற்றடி. காடு முழுவதற்கும் அது கேட்டது.

நீதி: பழுதுடைய இனத்தைச் சேர்ந்தது என்று அறிந்த பொருளை மாற்றுவதே காவல்; அது இன்னும் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பது காவல் ஆகாது.