பூதம் முழுங்கின நீள மணி

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்து மணி இருக்கே, அது மணியே இல்ல, தண்டவாளத் துண்டு. வேப்பமரத்துல சங்கிலி போட்டுத் தொங்கும். ஒரு தட்டு தட்டினா, டங்! பக்கத்து ஊர் எருமை கூட அசை போடறதை நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கும். ம் கொட்டு.

"ம்."

அங்க மூணாங்கிளாஸ் எடுக்கறது பரிமளம் டீச்சர். அவங்களுக்கு ஒரு சட்டம். மணி அடிக்காம யாரும் பெஞ்சை விட்டு எந்திரிக்கக் கூடாது, டீச்சரும் சேத்துத்தான். ஒத்த மணி அடிச்சா பாடம் மாறும். வீட்டுக்குப் போகணும்னா டங்டங்டங்டங்னு நீள மணி அடிக்கணும். ஒரு தடவை மணி அடிக்கிறவர் அசந்து தூங்கிட்டார். முழிச்சு வந்து பாக்கறார், முதல் பெஞ்சுப் பயலுகளுக்கெல்லாம் மீசை மொளைச்சிருக்கு.

"பொய்."

பொய்யா? அந்த மீசையவே போய்க் கேட்டுக்கோ. அப்புறம் என்னாச்சு, அந்தக் கிளாஸ்ல ஜன்னலோரமா தேவானைன்னு ஒரு பொண்ணு. அவ அப்பா பேச்சிமுத்து லாரி ஓட்டறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் வீட்டுக்கு வருவார், ஒரு டீ குடிப்பார், இருட்டறதுக்குள்ள கெளம்பிடுவார். வந்ததும் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: "என்னம்மா, இந்த வாரம் இங்கிலீஷ் என்ன, அறிவியல் என்ன?" இவ சொல்லுவா. அதைத்தான் அவர் ராத்திரியெல்லாம் தூக்கம் வராம இருக்கச் சொல்லிக்கிட்டே ஓட்டுவார். பாடம் இல்லாத ராத்திரி அப்பாவுக்குக் கண்ணைச் சொக்கிடுமேன்னு தேவானைக்கு ஒரே கவலை. அதனால வெள்ளிக்கிழமைன்னா அவளுக்கு இருப்பே கொள்ளாது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, டீச்சர் வாரம் பூரா நடத்தினதைத் திரும்பக் கேட்டு முடிச்சாச்சு. வெயில் சாஞ்சாச்சு. மணியைக் காணோம். தூரத்துல லாரி ஹாரன் மட்டும் பாம் பாம்ங்குது. தேவானை எட்டிப் பாத்தா, வேப்பமரத்துல வெறும் சங்கிலி ஆடுது. ஜன்னல்ல ஒரு பூதம் வாயைத் துடைச்சுக்கிட்டு நிக்குது.

"பூதமா?"

கெணத்துப் பூதம். பள்ளிக்கூடத்துக் கெணத்துல குடியிருக்கறது. வாரம் முழுக்க ஜன்னல்ல புருவத்தை மாட்டித் தொங்கிக்கிட்டே பாடம் கேட்டுச்சு. ஒருத்தரும் கண்டுக்கல, ஏதோ காயப்போட்ட போர்வைன்னு நெனைச்சுட்டாங்க.

"மணி எங்க?"ன்னா தேவானை.

"முழுங்கிட்டேன்."

"ஏன்?"

"அது அடிச்சா நீங்கள்லாம் போயிடறீங்க. சனி ஞாயிறு கெணத்துல தவளைங்க மட்டும்தான். அதுங்களுக்கு ஒரே பாட்டுதான் தெரியும்."

தேவானைக்குப் பாவமாவும் இருந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. டீச்சரைப் பாத்தா, சட்டம் போட்டவங்க, அவங்களே எந்திரிக்க முடியாம நெளியறாங்க. "நீ ஜன்னலோரம்தானே இருக்க, உக்காந்தபடியே ஏதாவது பண்ணு தாயி"ன்னாங்க.

சரின்னு யோசிச்சா. வியாழக்கிழமை என்ன பாடம்? காந்தம் இரும்பை இழுக்கும். காந்தம் அவ பெஞ்சு மேலயேதான் கெடக்கு. நூலைக் கட்டினா, "ஆ காட்டு"ன்னா, உள்ள விட்டா. வயித்துக்குள்ள டக்குனு ஒட்டிக்கிச்சு. இழுத்தா, இழுத்தா, தண்டவாளம் தொண்டை வரைக்கும் சர்ர்ருனு வந்துருச்சு. அப்போ பூதத்துக்குக் கிச்சுகிச்சு. ஹ்ஹ்ஹாச்சூ! நூல் அறுந்து காந்தமும் உள்ள போச்சு.

"அச்சச்சோ."

திங்கக்கிழமை என்ன பாடம்? காலி டம்ளர்னு நாம சொல்றோமே, அது காலியே இல்ல, உள்ள காத்து இருக்கு. டம்ளரைக் கவுத்துத் தண்ணிக்குள்ள அமுக்கினா உள்ள வெச்ச காகிதம் நனையவே இல்லியே. அப்போ காத்தை உள்ள ஏத்தினா, அது வெளிய வர்றப்போ மணியையும் தள்ளிக்கிட்டு வரும்ல? "எல்லாரும் ஊதுங்கடா"ன்னா. மொத்த கிளாஸும் உக்காந்த எடத்துலேருந்து உஃப் உஃப்னு ஊத, பூதம் உப்பி, உப்பி, வேப்பமரத்து உச்சிக்கே மெதந்து போயிருச்சு. அப்புறம் ஒரு ஏப்பம். ஏவ்வ்வ்! ஓடெல்லாம் கடகடகடன்னு எந்திரிச்சுத் திரும்ப உக்காந்துச்சு. டீச்சர் கொண்டை அவுந்து போச்சு. காத்துதான் வந்துச்சு, மணி வரல. பூதம் கீழ வந்து தொப்புனு விழுந்துச்சு.

விழுந்தப்போ வயித்துக்குள்ள, டங்.

தேவானை காதைத் தீட்டினா. டீச்சர் சொன்னாங்க, "ஒத்த மணி தாயி. இதுக்குப் பாடம்தான் மாறும். நீள மணி வேணும்." சொல்லிட்டு, சட்டம் சட்டமாச்சேன்னு கணக்குப் புத்தகத்தை எடுத்தாங்க. மொத்த கிளாஸும் "ஐயோ"ன்னுச்சு.

ம் கொட்டறியா, தூங்கிட்டியா?

"ம். மணி எடு."

எடுக்கவே இல்லியே, கேளு. புதன்கிழமைப் பாடம்: ஒரு பொருள் அதிர்ந்தாத்தான் சத்தம் வரும். தட்டின தட்டைக் கையால புடிச்சா சத்தம் நின்னுரும். அப்போ பூதத்தைக் குலுக்கினா போதும். யாரு குலுக்கறது, மலை மாதிரி இருக்கே? அப்போதான் இங்கிலீஷ் ஞாபகம் வந்துச்சு. வாரம் பூரா இங்கிலீஷ்ல செய்யற வார்த்தைதான். டீச்சர் "ஜம்ப்"னா குதிக்கணும், "கிளாப்"னா கை தட்டணும். கிளாஸ்லயே ரொம்ப ஒழுங்கா செஞ்சது அந்த ஜன்னல் போர்வைதான்.

தேவானை "ஜம்ப்"னா. பூதம் யோசிக்காம குதிச்சுருச்சு. டங்!

குதிச்சப்புறம்தான் பூதத்துக்கு வெளங்குச்சு. அதுவும் புதன்கிழமைப் பாடம் கேட்டதாச்சே? ரெண்டு கையாலயும் வயித்தை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. "இப்பச் சொல்லு பாப்போம்"னு இளிச்சுது. "ஜம்ப்"னா, குதிச்சுது. 'முக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பாம் பாம். லாரி இஞ்சின் உறுமுது. தேவானைக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா, "கிளாப்."

பூதம் என்ன பண்ணும், நல்ல பிள்ளையாச்சே. கையை எடுத்துத் தட்டுச்சு. "ஜம்ப்." டங். "கிளாப், ஜம்ப், கிளாப், ஜம்ப்." டங் டங் டங் டங் டங்! நீள மணி. டீச்சர்தான் முதல்ல எந்திரிச்சு ஓடினாங்க.

பூதம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுச்சு. தேவானை ஓடற அவசரத்துலயும் ஒரு நிமிஷம் நின்னா. "ஏ பூதம், பள்ளிக்கூடம் முடியறதுக்கு மட்டுமா மணி? திங்கக்கிழமை ஆரம்பிக்கறதுக்கும் மணி வேணும்ல? அது இப்ப உன் வயித்துலதான் இருக்கு. நீ குதிச்சாத்தான் நாங்க உள்ளயே வர முடியும்."

பூதம் வயித்தைத் தடவிப் பாத்துக்கிச்சு. "அப்போ நான்தான் முதல்ல வரணுமா?"

"ஆமா. லேட்டா வந்தா டீச்சர் திட்டுவாங்க."

திட்டு வாங்கப் போற சந்தோஷத்துல அது கெணத்துக்குள்ள குதிச்சுது. டங், தொபுக்.

அப்புறம் ஓடினா பாரு, குதிகால் பிடரியில பட. லாரி நகர ஆரம்பிச்சுருச்சு. அப்பா கண்ணாடியில பாத்துட்டு நிறுத்தினார், தூக்கி மடியில வெச்சுக்கிட்டார். "என்னம்மா, இந்த வாரம்?" மூச்சு வாங்க வாங்க எல்லாத்தையும் சொன்னா, காத்து, காந்தம், அதிர்வு, ஜம்ப், கிளாப்.

"இது மூணு ராத்திரிக்குத் தாங்கும்"னார் அப்பா.

"ஆனா அப்பா, ஓட்டறப்ப கிளாப் மட்டும் பண்ணாதீங்க."

அவளை இறக்கி விட்டுட்டு லாரி போயிருச்சு. அவரு சிரிச்ச சிரிப்பு மட்டும் தெரு முனை வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ம்?

"..."

சரி சரி. நீள மணி அடிச்சாச்சு, பூதம் படுத்தாச்சு, கதையும் பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயாச்சு. நீயும் தூங்கு.