பவளத்தீவில் சொன்ன ‘போயிட்டு வரேன்’

கலங்கரை விளக்கில் இலுப்பெண்ணெய் ஊற்றி எரித்த காலம் அது. அந்தக் காலத்தில் நெய்தலங்குடி என்ற துறைமுகப் பட்டினத்தில் ஒரு கப்பல் வணிகர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் உண்ணாமலை, இளையவள் மெய்யம்மை. மாமியார் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், கதைக்குள் போகலாம்.

உண்ணாமலை கெட்டவள் இல்லை. நன்றாகச் சமைப்பாள், நன்றாகப் பாடுவாள். ஆனால் மெய்யம்மை தலையில் பூ வைத்தால் அவளுக்கு வயிறு எரியும். மெய்யம்மை வைத்த குழம்பை யாராவது மெச்சினால் வயிறு எரியும். மெய்யம்மை சும்மா உட்கார்ந்திருந்தாலும், ‘எப்படி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள் பார்’ என்று வயிறு எரியும். பொறாமைக்குக் காரணம் வேண்டுமா என்ன?

மாமியாருக்கு வயதாகிவிட்டது. சாவிக்கொத்தை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். மூத்தவள் என்பதால் அது தனக்குத்தான் என்று உண்ணாமலை இருந்தாள். மாமியார் ஒரு நாள் இருவரையும் கூப்பிட்டாள்.

“உங்க புருஷமாரு பவளத்தீவுக்குக் கப்பல் விடுறாங்க. நீங்களும் கூடப் போங்க. அங்கே கடைத்தெரு பெரிசாம். இந்த வீட்டுக்குன்னு ஆளுக்கு ஒரே ஒரு பொருள் பார்த்து வாங்கிட்டு வாங்க. யார் எடுத்தது நல்லாயிருக்கோ அவளுக்குத்தான் சாவி” என்றாள்.

முப்பது நாள் பயணம். உண்ணாமலைக்குக் கடல் தெரியவில்லை, மீன் தெரியவில்லை. ‘அவள் என்ன வாங்குவாள்’ என்ற ஒரே நினைப்புதான். கரை தெரிந்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மெய்யம்மைக்கு எது பிடிக்கிறதோ, அதைத் தான் முந்திக்கொண்டு வாங்கிவிட வேண்டும்.

பவளத்தீவுக் கடைக்காரர்களுக்குத் தமிழ் தெரியும். கப்பலில் வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு மாலுமியிடம் கற்றுக்கொண்ட தமிழ். அவன் எங்கும் கிளம்பாதவன். ஆகையால் நாம் விடைபெறும்போது சொல்லும் சொல்லை மட்டும் அவர்கள் கேட்டதே இல்லை.

மெய்யம்மை முதலில் நெசவுக்காரர் கடைக்குப் போனாள். ஒரு மாதுளை நிறப் பட்டைத் தொட்டுப் பார்த்தாள். மற்ற கடைகளையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுந்து, “போயிட்டு வரேங்க” என்றாள். அடுத்து அரக்கு வேலைக்காரர் கடை. அங்கே ஒரு பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “போயிட்டு வரேங்க” என்றாள். மூன்றாவது கடையில் கிளிஞ்சல் பதித்த தாம்பாளம் ஒன்று. அதை மடியில் வைத்து வெகுநேரம் தடவினாள். அங்கேயும் அதே சொல்தான்.

அவள் தலை மறைந்ததும், பின்னாலேயே வந்து எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த உண்ணாமலை நெசவுக்காரர் கடைக்குள் நுழைந்தாள். “அந்த மாதுளைப் பட்டைக் கொடுங்க.”

“அது இல்லம்மா. அந்த அம்மா வரேன்னு சொல்லியிருக்காங்க. வரேன்னு சொன்னவங்களுக்கு எடுத்து வைக்கிறது எங்க ஊர் முறை. வேற பாருங்க” என்றார் அவர்.

அவள் தலைக்கு மேலேயே மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை தொங்கிக்கொண்டிருந்தது. உண்ணாமலையின் நிறத்துக்கு அவ்வளவு எடுப்பாக இருந்திருக்கும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விருட்டென்று வெளியே வந்துவிட்டாள்.

அரக்குக் கடையிலும் அதே பதில். ‘கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாளே, கள்ளி’ என்று மனம் கொதித்தது. தாம்பாளக் கடைக்கு வந்தபோது அவளுக்குக் கண் மண் தெரியவில்லை.

“அந்த அம்மா வரேன்னு…” என்று கடைக்காரர் தொடங்கினார்.

“அவ வர மாட்டா” என்றாள் உண்ணாமலை. “கப்பலுக்குத் திரும்பினதும் மயங்கி விழுந்து செத்துப்போனா.”

 சொல்லிவிட்டுத் தாம்பாளத்துக்காகக் கையை நீட்டினாள்.

கடைக்காரர் கொடுக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. “வரேன்னு சொல்லி வராம போனவங்க பொருளை அவங்க காலடியில வெக்கிறது எங்க வழக்கம். நாங்களே கொண்டு வரோம்” என்று சொல்லிக் கடையை மூடினார்.

சாயங்காலம் கடைத்தெருவே கப்பலுக்கு வந்தது. முன்னால் பட்டு, நடுவில் பெட்டி, பின்னால் தாம்பாளம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். கப்பல் தட்டில் ஒருத்தி ஈரத்துணி உதறிக்கொண்டு நின்றாள்.

“செத்துப்போன அம்மா எங்கே கிடக்காங்க?” என்று கேட்ட தாம்பாளக்காரர், அவள் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டார். துணி உதறியவள்தான் மெய்யம்மை.

அவர் மெதுவாக உண்ணாமலையைப் பார்த்தார். மெய்யம்மை பார்த்தாள். அண்ணன் தம்பி இருவரும் பார்த்தார்கள். உண்ணாமலைக்குக் கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது.

மெய்யம்மை அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரர்களிடம் சொன்னாள்: “எங்க ஊர்ல போறேன்னு மொட்டையா சொல்ல மாட்டோங்க. போறேன்னா அது திரும்பாத போக்கு. அதனாலதான் போயிட்டு வரேன்னு சொல்றது. உங்களைக் காக்க வெக்கணும்னு சொல்லலை.”

“அப்போ வர மாட்டீங்களா?”

“வரேன்னு சொன்னது சொன்னதுதான். வந்துட்டேன்னே வெச்சுக்கங்க” என்று சொல்லி, உரிய விலையைக் கொடுத்துத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். பட்டையும் பெட்டியையும் சும்மாவே கொடுக்கிறோம் என்றார்கள். மாமியார் ஒன்றுதான் வாங்கச் சொன்னாள் என்று மறுத்துவிட்டாள்.

மறுநாள் கப்பல் கிளம்பியது. கடைக்காரர் மூவரும் கரைக்கு வந்திருந்தார்கள். மெய்யம்மையைப் பார்த்துத் தாம்பாளக்காரர், “போயிட்டு வாங்கம்மா” என்றார். பிறகு உண்ணாமலையைப் பார்த்தார். முந்தின நாள்தான் கற்றுக்கொண்ட தமிழ் அவருக்கு மறக்கவில்லை.

“போங்க” என்றார்.

அந்த ஒரு சொல் முப்பது நாளும் உண்ணாமலையின் காதை விட்டுப் போகவில்லை.

வீட்டில் மெய்யம்மை தாம்பாளத்தை மாமியார் முன் வைத்தாள். உண்ணாமலை கையில் ஒன்றும் இல்லை.

“ஏன்டி, அவ்வளவு பெரிய கடைத்தெருவில உனக்குப் பிடிச்சதுன்னு ஒண்ணுகூடவா இல்லை?” என்று மாமியார் கேட்டாள்.

உண்ணாமலை நினைத்து நினைத்துப் பார்த்தாள். பட்டைத் தொட்ட மெய்யம்மையின் கை நினைவுக்கு வந்தது. பெட்டியைத் தொட்ட கை வந்தது. தாம்பாளத்தைத் தொட்ட கை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

“நான் எதையுமே பார்க்கலை அத்தை” என்றாள். அந்தப் பயணத்தில் அவள் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். புதுத் தாம்பாளத்தில் வைத்து மெய்யம்மையிடம் நீட்டினாள்.

அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டு நடப்பவர், உலகத்துக் கடைத்தெருவெல்லாம் சுற்றினாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார்.