கையைப் பின்னால் கட்டி நின்றவள்

மலை மேல் ஒரு பள்ளிக்கூடம். வகுப்பு ஐந்து, வாத்தியார் இரண்டே பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் குரு, ஒருவர் சீடர். சீடருக்குத்தான் தலை முழுக்க நரைத்திருந்தது.

குரு சுலோச்சனா டீச்சர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் தணிகாசலம். கீழே டவுனில் டியூஷன் சென்டர் நடத்தி, பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்தே பாதி ஆயுளைக் கழித்தவர். சுலோச்சனா டீச்சரின் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளித் தேர்வில் வருஷா வருஷம் இடம் பிடிப்பதைக் கேள்விப்பட்டு, சென்டரைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார். இரண்டாவது வாத்தியார் இடம் எப்போதும் போலக் காலியாகத்தான் கிடந்தது. பேரன் எடுக்கிற வயதில் பாடம் படிக்கப் போகிறாரே என்று டவுனில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வந்த அன்றே கேட்டார். "நீங்க எப்படிச் சொல்லித் தர்றீங்க டீச்சர்?"

"நான் எங்க சார் சொல்லித் தர்றேன். உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்து பார்த்தார். கரும்பலகையில் கணக்கு இருந்தது. முடித்த பிள்ளை எழுந்தது, முடிக்காத பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றது. நின்றதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"கையை எதுக்குக் கட்டுது?"

"கை சும்மா இருந்தா அடுத்தவன் சிலேட்டுல போய் எழுதிடும் சார். வாயும் அப்படித்தான், விடையைச் சொல்லிடும். அதனால கையைக் கட்டிக்கணும், கேள்வி மட்டும்தான் கேட்கணும்."

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் வேறென்ன செய்ய முடியும்? வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்தில் கெட்டிக்காரி என்றால் அது ஐந்தாம் வகுப்புப் பச்சையம்மாள்தான். முதலில் முடிப்பாள், முதலில் எழுவாள். யாராவது முழிக்கிறார்களா என்று அவள் கண் தேடும். வீட்டில் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தந்தபோதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாளாம்.

அந்த வருஷம் தேர்வுக்குத் தயார் செய்யும் பொறுப்பைத் தணிகாசலம் கேட்டு வாங்கிக்கொண்டார். பச்சையம்மாள், ஏழுமலை, இன்னும் மூன்று பேர். பச்சையம்மாளுக்கு இடம் நிச்சயம் என்று அவருக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரியும். அவள் அப்பா மாதப்பன் சந்தையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவைத்திருந்தார்.

தேர்வு நாளன்று தணிகாசலம் தேர்வு நடந்த உறைவிடப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பச்சையம்மாள் மட்டும் தனியாக வெளியே வந்தாள். கூடவே ஒரு மேற்பார்வையாளர்.

"இது உங்க பிள்ளையா சார்?"

"ஆமா சார். என்ன ஆச்சு?"

"எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டு எழுந்து, அடுத்த வரிசையில அழுதுகிட்டிருந்த ஒரு பையன் பக்கத்துல போய் நின்னு ஏதோ கேட்டுக்கிட்டிருந்தா. பையன் பாவம், அவன் ஒண்ணும் பண்ணலை, அவனை எழுதச் சொல்லிட்டோம். ஆனா இவ தாளை வாங்கிட்டோம். விதி அப்படி. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தப்புதான் சார்."

"தப்புதான். ஆனா ஒண்ணு. இத்தனை வருஷம் ஹால்ல நிக்கிறேன், காப்பி அடிக்கிற பிள்ளை எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியும். இவ கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறா. என்ன பிள்ளை சார் இது?"

தணிகாசலம் பச்சையம்மாளைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் பச்சையம்மாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி மலை ஏறியதும் கேட்டாள். "சார், நான் திருடினேனா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் தாளை வாங்கினாங்க?"

ஊரார் கூடியிருந்த இடத்தில் இறங்கி, நடந்ததை மாதப்பனிடம் அவரே சொன்னார். மாதப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கையைக் கட்டிக்கிட்டுதானே நின்னா?"

"ஆமா."

"அப்ப சரி, சார்." மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

முடிவு வந்தது. ஏழுமலைக்கு இடம் கிடைத்தது. பச்சையம்மாள் பெயர் எப்படி வரும்? வரவில்லை. அவள் வழக்கம்போல் பள்ளிக்கு வந்தாள், வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் கணக்கை முடித்தாள். ஆனால் எழவில்லை. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே.

தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. இடம் போனதுகூடப் போகட்டும். இந்தப் பிள்ளை இனி எழவே மாட்டாள் என்றால் என்ன செய்வது?

சாயங்காலம் சுலோச்சனா டீச்சரிடம் போனார். "தப்பு என் மேலதான் டீச்சர். நேரத்தை எப்படிப் பங்கு போடணும்னு சொன்னேன். தெரியாத கேள்வியைத் தாண்டிப் போன்னு சொன்னேன். அங்கே எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லணும்னு எனக்குத் தோணலை."

"எனக்கும் தோணலையே சார். இங்க எழுந்திரிக்காம இருந்தாத்தானே ஏன்னு நாம கேட்போம்."

"அந்த மேற்பார்வையாளர் சொன்னதை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. இடத்தை இழந்த பிள்ளையை வச்சுக்கிட்டு பெருமைப்படலாமான்னு கூச்சமாவும் இருக்கு. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்கலாம்."

"என்னன்னு?"

"நாளைக்கு வாங்க."

மறுநாள் வகுப்பு நிறைந்திருந்தது. சுலோச்சனா டீச்சர் பச்சையம்மாளின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பச்சையம்மா, அந்தப் பையனுக்குப் புரிஞ்சுதா?"

அத்தனை நாளில் யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. அவள் தலை நிமிர்ந்தது.

"பாதி புரிஞ்சுது டீச்சர். மீதியைக் கேட்கறதுக்குள்ள வெளியே அனுப்பிட்டாங்க." சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. "நானும் அங்கே போய்ப் படிக்கணும்னுதான் டீச்சர் இருந்தேன்."

"தெரியும்டி."

டீச்சர் அவளை அழவிட்டார். கண்ணைத் துடைக்கச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்த பிறகு கேட்டார். "என்ன கணக்கு அது?"

"ஒரு மூட்டை சாமை. மூணுல ரெண்டு பங்கை வித்தாச்சு. மீதி இருபத்தி நாலு கிலோ. முழு மூட்டை எவ்வளவு?"

"சரி. தணிகாசலம் சாரைப் பையனா வச்சுக்கோ."

தணிகாசலம் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். ஏழுமலை தன் சிலேட்டை அவர் மடியில் வைத்தான். பச்சையம்மாள் உட்கார்ந்தே இருந்தாள். ஒருவரும் அவளை எழு என்று சொல்லவில்லை.

மெதுவாக எழுந்தாள். அவர் பக்கத்தில் வந்தாள். கை இரண்டும் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"மூட்டையை எத்தனை பங்காப் பிரிச்சாங்க?"

"மூணு."

"வித்தது?"

"ரெண்டு." சோதித்துப் பார்க்கலாமே என்று அவர் ஒரு குறும்பு செய்தார். "அப்ப விடை நாப்பத்தெட்டு."

பச்சையம்மாள் சிரிக்கவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "நாப்பத்தெட்டு எத்தனை பங்கு?"

"ரெண்டு."

"வீட்டுல இருக்கறதை எங்க விட்டீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. இந்தக் கணக்கை அவர் டவுனில் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"வீட்டுல ஒரு பங்கு இருக்கு," என்றார்.

"சேர்த்தா?"

"எழுபத்திரண்டு."

பச்சையம்மாள் கையை அவிழ்த்தாள். "இவ்வளவுதான் டீச்சர். இதைத்தான் அவன்கிட்டக் கேட்க இருந்தேன்."

"அக்கா," என்றது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. "எனக்கு வரலக்கா." பச்சையம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கே போனாள். தணிகாசலம் எழுந்திருக்க மறந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

உறைவிடப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, பலாமரத்தில் பள்ளி மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்துவிட்டுத்தான் கிளம்பும். அது அங்கே வழக்கம். ஏழுமலை மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தான். ஊரே சிரித்துக்கொண்டு நின்றது. அவன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பச்சையம்மாள் தூக்கிக்கொண்டாள்.

"எட்டாவது முடிஞ்சதும் இன்னொரு தேர்வு வைப்பாங்களாம்," என்றாள். "அப்ப வர்றேன். இடம் போட்டு வை."

"அங்கே வகுப்புல எழுந்திரிக்கலாமா டீச்சர்?" என்று ஏழுமலை கேட்டான்.

"கேட்டுட்டு எழுந்திரு."

பஸ் வளைவில் மறைந்தது. கூட்டம் கலைந்தது. பச்சையம்மாள் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"டீச்சர்," என்றார் தணிகாசலம். "அடுத்த வருஷம் போற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லி அனுப்பட்டும்?"

"ஹால்ல எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

சுலோச்சனா டீச்சர் முன்னால் போகிறவளைப் பார்த்தார்.

"மணி அடிச்சு வெளியே வந்ததும், உள்ளே அழுதுகிட்டிருந்த பிள்ளை எங்கேன்னு தேடச் சொல்லுங்க."