அறுவடை இல்லாத கடல்

"இந்தச் சொல்லை முதல்ல சொன்னவன் கடலைக் கண்ணால பார்த்திருப்பானா அம்மா?" என்று கத்தினார் அர்க்கியாஸ். கையில் சுத்தியல்.

எதிரே நின்றவள் மிர்த்தோ. அந்தக் கிரேக்கத் தீவில் பழைய பாட்டுகளுக்குப் பொருள் சொல்பவள். அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் ஆறு வருடமாக அவர் அவளுடைய சீடர்.

இருவருக்கும் நடுவில் ஒரு கல்லறை. உள்ளே யாரும் இல்லை. அவருடைய ஒரே மகன் லைக்கோன் கப்பலோடு மூழ்கிவிட்டான், உடல் கிடைக்கவில்லை. ஊர் வழக்கப்படி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டு, மண்ணைக் குவித்து, கல்லும் நட்டாயிற்று. 'அத்ரூகெதோஸ் கடல் கொண்டது' என்று அதில் வெட்டச் சொன்னவள் மிர்த்தோதான்.

பழைய கடல் பாட்டுகளில் கடலுக்கு அந்த அடைமொழி அடிக்கடி வரும். ஓயாதது என்று சிலர் பொருள் சொல்வார்கள். அறுவடை என்ற சொல்லிலிருந்து பிறந்தது, அறுவடை இல்லாதது என்பார்கள் வேறு சிலர். பண்டிதர்கள் சண்டைக்கு என்றைக்குக் குறைச்சல்? மிர்த்தோ இரண்டாவது கட்சி.

"அறுவடை இல்லையாம்! மீன் எங்கேருந்து வருது? உப்பு எங்கேருந்து வருது? என் பிள்ளை கல்லு மேல பொய்யா? இப்பவே உடைச்சுப் போடுறேன்."

பக்கத்திலேயே அவருடைய திராட்சைத் தோட்டம். மிர்த்தோ விறுவிறுவென்று உள்ளே போனாள். கைக்கு எட்டிய குலைகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். எல்லாம் பச்சைக் காய்.

அர்க்கியாசுக்கு ரத்தம் தலைக்கேறியது. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். குரு என்றும் பார்க்காமல் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"அறுவடை பண்றேன்."

"இதுக்குப் பேரு அறுவடையா? வெயில் ஏறணும், சாறு ஏறணும், பழுக்கிற வரைக்கும் காத்துக் கிடக்கணும். அப்புறம் பறிச்சாத்தான் அறுவடை. இது நாசம்! அறுவடைன்னா என்னன்னே தெரியாத கை இது!"

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"லைக்கோனுக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

பிடி தானாகத் தளர்ந்தது.

அர்க்கியாஸ் கடல் பக்கம் திரும்பினார். தொண்டை கிழிய, கல்லில் வெட்டிய அந்த அடைமொழியையே சொல்லிச் சொல்லிக் கடலைத் திட்டினார்.