பொன்முடியின் மாதிரிக் கூடுகள்

ஏரிக்கரைப் பனைமரம் ஒன்றில் இரண்டு தூக்கணாங்குருவிகள் வாழ்ந்துவந்தன. ஆணின் பெயர் பொன்முடி. பெண்ணின் பெயர் சிற்றிழை.

பொன்முடியைப் போலக் கூடு பின்னத் தெரிந்த குருவி அந்தக் கரையில் வேறு இல்லை. பச்சை ஓலையை அலகால் கீறி, நுனியைக் கவ்விக்கொண்டு பறந்தால், நார் ஒரே சீராக உரிந்துவரும். பொன்முடி போட்ட முடிச்சைக் காற்று அவிழ்த்ததே இல்லை.

ஆயினும் அந்தக் கரையில் வாழ்க்கை எளிதாக இல்லை. பாம்புகள் பனைமரம் ஏறின. காகங்கள் முட்டைகளைக் கொத்திக் குடித்தன. சென்ற பருவத்தில் சிற்றிழை இட்ட முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை.

ஏரியின் நடுவே ஒரு தீவு இருந்தது. அங்கே பாம்பும் இல்லை, காகமும் இல்லை. கூழைக்கடா என்னும் பெரிய நீர்ப்பறவைகள் மன்றம் அமைத்து அதை ஆண்டுவந்தன. வெளிப்பறவைகள் பகலில் வந்து இரை தேடலாம். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஏதேனும் ஒரு தொழிலில் தேர்ந்த பறவைக்கு மட்டுமே அங்கு நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி உண்டு.

"நம் குஞ்சுகள் பிழைக்க வேண்டுமானால் நாம் அங்கேதான் போக வேண்டும்!" என்றது பொன்முடி.

"போகலாம், நான் வேண்டாம் என்றா சொன்னேன்?" என்றது சிற்றிழை.

கரைக்கும் தீவுக்கும் இடையே செய்தி கொண்டுபோவது ஆலா என்னும் நீர்ப்பறவையின் வேலை. பொன்முடி அதனிடம் விசாரித்தது.

"தம்பி, அங்கே எல்லாம் புள்ளிக் கணக்கு!" என்றது ஆலா. "தொழிலுக்குப் புள்ளி உண்டு. இளமைக்கும் உண்டு. உன் தலையில் மஞ்சள் பளிச்சென்று இருக்கும்போதே விண்ணப்பித்துவிடு. மஞ்சள் மங்க மங்கப் புள்ளியும் குறையும்!"

"நான் என்ன காட்ட வேண்டும், அண்ணா?"

"பாதி பின்னிய கூடு ஒன்று கொடு, போதும். முழுக் கூட்டில் முடிச்சுகள் எல்லாம் மறைந்துவிடும். உன் தொழில் பாதிக் கூட்டில்தான் தெரியும்."

தூக்கணாங்குருவிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்தும். பெண்குருவி வந்து, குறுக்கே ஓடும் நாரில் அமர்ந்து ஆட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் அங்கேயே தங்கிவிடும். அதன் பிறகே ஆண்குருவி முட்டையறையை மூடி, கீழ்நோக்கி நீண்ட குழல்வாயிலைப் பின்னி முடிக்கும். அந்தக் குழல் இல்லாத கூட்டில் மழையும் நுழையும், காற்றும் நுழையும்.

அப்போது பனையோலையில் ஒரு பாதிக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் சிற்றிழை அதை ஆட்டிப் பார்த்துத் தலையசைத்திருந்தது. பொன்முடி அதன் காம்பை அறுத்து ஆலாவிடம் கொடுத்துவிட்டது.

"அது என் கூடு!" என்று பதறியது சிற்றிழை.

"தீவில் உனக்கு இதைவிட நல்ல கூடு கட்டித் தருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்!"

மன்றம் உடனே பதில் சொல்லவில்லை. பொன்முடி இன்னொரு பாதிக் கூடு பின்னியது. சிற்றிழை அதையும் ஆட்டிப் பார்த்து ஏற்றுக்கொண்டது. குழல் பின்னத் தொடங்கும் நேரத்தில் ஆலா வந்து சேர்ந்தது.

"விதி மாறிவிட்டது, தம்பி! இனிமேல் சேறு பூசிய கூடாக இருந்தால்தான் புள்ளியாம்."

சிற்றிழை எதிரிலேயே அமர்ந்திருந்தது. பொன்முடி அதன் முகத்தைப் பார்க்காமல் ஏரியோரம் போய்ச் சேறு கொண்டுவந்து பூசியது. அந்தக் கூட்டையும் அனுப்பியது.

பனைமரத்தின் நடுத்தண்டில் ஓர் அணில் குடியிருந்தது. எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

"என்ன மாப்பிள்ளை, இன்னும் பாதிதானா?" என்று அது கேட்டது. "என் கூட்டைப் பாருங்கள்! பஞ்சையும் சருகையும் அள்ளிப் போட்டதுதான். ஆனால் முழுசு!"

"உன் கூட்டை எந்தத் தீவு கேட்டது?" என்று சீறியது பொன்முடி.

"எந்தத் தீவும் கேட்கவில்லை. என் பிள்ளைகள் கேட்டன!" என்று வாலை ஆட்டிவிட்டு அணில் உள்ளே போய்விட்டது.

முட்டையிடும் காலம் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. பொன்முடி மூன்றாவதாகப் பின்னிய பாதிக் கூட்டிலேயே சிற்றிழை முட்டையிட்டது. அந்த ஆண்டு ஏனோ பாம்பும் ஏறவில்லை, காகமும் வரவில்லை. மூன்று குஞ்சுகள் பொரிந்தன. இறகு முளைக்காத அவற்றின் உடல்கள் சிவந்திருந்தன. தாய் வரும் அசைவு தெரிந்தாலே மூன்று வாய்களும் ஒன்றாகத் திறந்தன.

பொன்முடிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆலாவைத் தேடிப் போய், "அண்ணா, என் விண்ணப்பத்தில் மூன்று குஞ்சுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள்!" என்றது.

அதன் பிறகும் கூடு பாதியாகவே நின்றது. கிடைத்த பச்சை நார் எல்லாம் மாதிரிகளுக்கே போயிற்று. ஒரு நாள் மன்றம் முடிச்சின் இறுக்கத்தைக் காட்டச் சொன்னது. இன்னொரு நாள் ஈச்சநாரிலும் பின்னிக் காட்டச் சொன்னது. குழலுக்கு எடுத்துவைத்த நாரும் தீவுக்குப் பறந்தது.

ஒரு முற்பகலில் மேற்கே மேகம் கறுத்தது. காற்று திசை மாறத் தொடங்கியது. அதே வேளையில் ஆலா விரைந்து வந்தது.

"மன்றம் உன்னை நேரில் அழைக்கிறது, தம்பி! கடைசிக் கட்டம் இதுதான். இப்போதே கிளம்பு!"

சிற்றிழை குறுக்கே வந்து நின்றது. "காற்றைப் பாருங்கள்! இன்று மழை வரும். குழலைப் பின்னிவிட்டுப் போங்கள்."

"இன்று போகாவிட்டால் இத்தனை நாள் பட்ட பாடு வீண்!"

"அரைநாள் வேலைதானே? பாதியாவது பின்னிவிட்டுப் போங்கள்! இவை இன்னும் கண்கூடத் திறக்கவில்லை."

"இவற்றுக்காகத்தான் போகிறேன், சிற்றிழை. வந்ததும் முடித்துவிடுகிறேன்!"

பொன்முடி பறந்துவிட்டது.

தீவில் கூழைக்கடாக்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. பொன்முடி அனுப்பிய மாதிரிகள் எல்லாம் ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தன. தலைவர் கூழைக்கடா தொண்டைப்பையை ஆட்டிக்கொண்டு கேட்டது.

"உன் முடிச்சுகள் அருமை. ஒரே ஒரு கேள்வி. மழைக்காற்று திரும்பும்போது கூட்டைக் காப்பது எது?"

"குழல்வாயில், ஐயா!" என்றது பொன்முடி. அந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவாக எவராலும் விடை சொல்லியிருக்க முடியாது. "குழல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். காற்று திசை மாறுவதற்கு முன்பே அதைப் பின்னி முடித்துவிட வேண்டும். தாமதித்தால் சாரல் நேராக முட்டையறைக்குள் இறங்கும். நார் நனைந்து கனத்துத் தொங்கும். உள்ளே குஞ்சுகள் இருந்தால்..."

அங்கே அது நின்றுவிட்டது. தீவின் இலைகள்மேல் முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன.

"உள்ளே குஞ்சுகள் இருந்தால்?" என்று தூண்டியது தலைவர் கூழைக்கடா.

"பிழைக்க மாட்டா, ஐயா."

"சரியான விடை!" மன்றம் முழுவதும் சிறகடித்துப் பாராட்டியது. "பொன்முடிக்கும், அதன் துணைக்கும், மூன்று குஞ்சுகளுக்கும் இத்தீவில் நிரந்தர இடம் அளிக்கப்படுகிறது!"

பொன்முடி நன்றி சொல்லவும் நிற்கவில்லை. மழையைக் கிழித்துக்கொண்டு கரையை நோக்கிப் பறந்தது. காற்று அதை இரண்டுமுறை நீர்மட்டம்வரை அழுத்தியது. எப்படியோ எழுந்து பறந்தது. கொண்டுபோகும் செய்தி மட்டும் அதற்குத் தெம்பாக இருந்தது.

பனைமரத்தை அடைந்தபோது மழை ஓய்ந்திருந்தது. கூடு ஓலையிலேயே தொங்கியது. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. ஆனால் மூடப்படாத பக்கம் நீரின் கனத்தால் கீழே மடிந்து, முட்டையறை ஏரியைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சிற்றிழை பக்கத்து ஓலையில் அமர்ந்திருந்தது. உடலெல்லாம் நனைந்து, இறகுகள் ஒட்டிக்கிடந்தன. திறந்த பக்கத்தைத் தன் உடலாலேயே அடைக்க முயன்றிருக்கிறது. ஒரு சிறிய பறவையின் உடல் அதற்குப் போதவில்லை. அணில் தன் கூட்டிலிருந்து தலையை நீட்டியது. கவிழ்ந்த கூட்டைப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போய்விட்டது.

"இடம் கிடைத்துவிட்டது," என்றது பொன்முடி.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டது சிற்றிழை.

பொன்முடி கவிழ்ந்திருந்த முட்டையறையைப் பார்த்தது.

"தீவில் கூடு கட்டத்தான் அனுமதி வேண்டியிருந்தது," என்றது சிற்றிழை. அதன் குரலில் கோபம்கூட இல்லை. "இங்கே கட்ட உங்களை யார் தடுத்தார்கள்?"

இறகு உலர்ந்ததும் சிற்றிழை தெற்கே போகும் குருவிக் கூட்டத்தோடு சேர்ந்து பறந்துவிட்டது. பொன்முடி கூப்பிட்டுப் பார்த்தது. சிற்றிழை திரும்பிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்துப் பொன்முடி தீவுக்குக் குடிபெயர்ந்தது. மன்றம் அதற்கு உயரமான ஒரு கிளையை ஒதுக்கியது. அந்தக் கிளையில் பொன்முடி ஒரு முழுக் கூட்டைப் பின்னியது. குழல் நீண்டு, நேராகக் கீழ்நோக்கி இறங்கியது. தீவுக்கு வரும் பறவைகளை எல்லாம் கூழைக்கடாக்கள் அழைத்துவந்து அதைக் காட்டின. "இப்படி ஒரு வேலைப்பாட்டைப் பார்த்ததுண்டா!" என்று பெருமைப்பட்டன. எந்த மழையும் அதற்குள் நுழையவில்லை. வேறு எந்தக் குருவியும் நுழையவில்லை.

நாளை கிடைக்கப்போகும் நல்ல இடத்துக்காக உழைப்பவர், இன்று தம்மை நம்பியிருப்பவர்களின் கூரையை முதலில் முடித்துவைக்க வேண்டும்.