கீரைப் பூவுக்குக் கட்டிய துணி

"இனிமே என்னால முடியாது தாயே," என்றார் சடையாண்டி. "முதுகு விட்டுப்போச்சு."

மலைமேல் மடம். குரு நாச்சியார் அவரைவிட இளையவர். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கீரை வளர்க்கத்தானே சொன்னேன், பெரியவரே?"

"வளர்க்கிறது சுலபம். துணி கட்டுறதுதான் பாடு. அது பூத்துக்கிட்டே இருக்கு, நான் குனிஞ்சுக்கிட்டே இருக்கேன்."

அது காட்டுக் கசப்புக் கீரை. மஞ்சள் பூ. தண்டை ஒடித்தால் பால் வடியும். பூ முற்றினால் பஞ்சாகி, காற்றில் விதை பறக்கும். வேரை வறுத்து இடித்து மடத்தில் கசாயம் வைப்பார்கள்.

மடத்துக்குக் கீழே அவருடைய தம்பி தவசியின் நிலம். ஒரு விதைகூட அங்கே விழக்கூடாது என்று சடையாண்டி ஒவ்வொரு பூவுக்கும் கந்தல் கட்டிவந்தார். அண்ணன் நிலத்து எல்லைக்கல்லை நகர்த்தியவனுக்குக் கீரை எதற்கு?

கல்லை நகர்த்தியது உண்மைதான்.

"துணி யார் கட்டச் சொன்னது?"

சடையாண்டி மடியிலிருந்த கந்தலைச் சுருட்டினார்.

வாசல் படலைத் தள்ளிக்கொண்டு தவசியின் மனைவி பேச்சி வந்தாள். கையில் காலித் தூக்குவாளி.

"மாமா, அவுகளுக்குச் சோறு இறங்கல. மடத்துக் கசாயம் வேணும்ங்கிறாக. பேச்சே கொறஞ்சுபோச்சு. கொஞ்சம் வேர் குடுங்க."

"கல்லை நகர்த்துனப்ப நல்லா இறங்குச்சாமா?"

"நகர்த்துனாக. இல்லைன்னு சொல்ல வரல."

சடையாண்டி குருவைப் பார்த்தார்.

"குடுக்கணுமா தாயே?"

நாச்சியார் காலையில் வைத்த தன் பங்குக் கசாயத்தை அப்படியே தூக்குவாளியில் ஊற்றினார்.

பேச்சி மூடியை அழுத்தி மூடினாள்.

"காத்தடிச்சா வரப்புல வந்து உக்காந்துக்குவாக, மாமா. ஒரு விதையாவது இங்கிட்டு வராதான்னு பாப்பாக. ஒருநாளும் வரல."

அவள் திரும்பி நடந்தாள்.

"நில்லு," என்றார் சடையாண்டி.

நின்றாள்.

"அது ஆறிப்போச்சு. ஆறுனதைக் குடிச்சா அவன் கக்கிடுவான். சின்னப் புள்ளையிலேயே அப்படித்தான்."

"சுட வச்சுக் குடுக்கிறேன்."

"திரும்பச் சுட வச்சா கசப்பேறி வாயில வைக்க முடியாது."

சடையாண்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார். வேரைத் தோண்டித் துண்டில் முடிந்துகொண்டு வந்தார்.

பேச்சி கை நீட்டினாள்.

"உங்கிட்ட தரமாட்டேன். நீ கருக்கிப்புடுவ. நானே வந்து வறுக்கிறேன்."

படலைத் தாண்டியதும் நின்றார்.

"அவன்கூடப் பேசமாட்டேன். அதை முன்னாடியே போய்ச் சொல்லிடு."