நாச்சிமுத்துவின் நெஞ்சு மோட்டார்

வெட்டுக்காட்டூரில் நாச்சிமுத்து, காரியப்பன், செங்கோடன் என்று மூன்று பங்காளிகள். மூவருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு மோட்டார். மூளையும் ஒன்றுதான் என்பார்கள். அது எந்த வாரம் யார் முறை என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

ஒரு நாள் ரேஷன் கடை முன்னால் மருத்துவ முகாம் போட்டார்கள். நர்சம்மா நாச்சிமுத்துவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க மோட்டார் அருமையா ஓடுதுங்க" என்றார்.

நாச்சிமுத்துவுக்குத் திக்கென்றது. "எந்த மோட்டாருங்க?"

"இதயந்தாங்க. கையை மூடினா எத்தனை பெருசோ, அத்தனைதான் இருக்கும். உள்ளே நாலு அறை. உடம்பைச் சுத்தி வர்ற ரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். அங்கே நல்ல காத்து ஏத்திக்கிட்டு இடது பக்கம் வந்ததும், திரும்ப உடம்பு பூரா பாய்ச்சும். வந்த வழியே திரும்பிப் போகாம வால்வு தடுத்துக்கும். பொறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் நின்னதில்லை."

மத்தியானம் இரண்டு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. கிணற்று மோட்டார் நின்றது. நாச்சிமுத்து மெல்ல நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அது பாட்டுக்கு லப்டப், லப்டப் என்று ஓடிக்கொண்டிருந்தது.

பங்காளிகளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். வரப்பிலேயே பஞ்சாயத்து கூடியது.

"ஊருக்கே கரண்ட் இல்லை. உனக்கு மட்டும் எங்கிருந்து வருது?" என்றான் காரியப்பன்.

"கம்பத்துல திருட்டுக் கொக்கி போட்டிருக்கான்" என்றான் செங்கோடன்.

"நான் போடலையே, பங்காளி."

"பொறந்ததிலிருந்து ஓடுதுன்னா உங்கப்பன் போட்டிருப்பாரு. ஒயரைக் காட்டு."

வேட்டியைத் தளர்த்தித் தேடினார்கள். இடுப்பைச் சுற்றிக் கருப்பாக ஓடியது அரைஞாண் கயிறு. "இதோ ஒயரு" என்று காரியப்பன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"அறுத்துடலாமா?" என்றான் செங்கோடன்.

"அறுத்தா நின்னுடுமே" என்று நாச்சிமுத்து இடுப்பைப் பொத்திக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை மாமனார் ஊட்டுல கெடா விருந்து வேற இருக்குது."

அந்த நேரம் பார்த்து லைன்மேன் ஏணியோடு வந்தார். நாச்சிமுத்துவின் நெஞ்சு தடதடவென்று அடித்தது. தொட்டுப் பார்த்த காரியப்பன், "வோல்டேஜ் ஏறிடுச்சு, மோட்டார் காயில் எரியப்போகுது" என்று ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான்.

சொட்டச் சொட்ட ஓடிப்போய் லைன்மேன் காலில் விழுந்தான் நாச்சிமுத்து. "நெஞ்சுக்குள்ள ஒரு மோட்டார் ஓடுதுங்க. எங்கப்பா இழுத்த லைனுங்க. அறுத்துடாதீங்க."

காலையிலிருந்து சாப்பிடாத மனுஷன் அவர். "நீ விவசாயந்தானே?"

"ஆமாங்க."

"விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். எந்திரிச்சுப் போய்யா."

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் வந்தது. செங்கோடன் மட்டும் யோசித்தான். "வெள்ளாமையே இல்லாத மோட்டாருக்கு எப்படி இலவசம் குடுப்பாங்க? கரண்ட் ஆபீசுலிருந்து வந்து பார்த்தா என்ன பண்ணுவே?" வந்த உயிர் மறுபடி போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸுக்கு நின்ற நர்சம்மா, எதிரே ஒரு கட்டில் வருவதைப் பார்த்தார். முன்னால் காரியப்பன், பின்னால் செங்கோடன். கட்டிலில் மல்லாந்து, கெடா விருந்துக்குக் கிளம்பிய நாச்சிமுத்து. அவன் நெஞ்சில் இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண்; அறைக்கு ஒன்றாக நாலு பாத்தி.

நர்சம்மா பதறிப்போய்ப் பையிலிருந்து குழாயை எடுத்தார்.

"வரப்பு மேல வைங்கம்மா" என்றான் நாச்சிமுத்து அசையாமல். "வெந்தயக்கீரை இப்பத்தான் தலை நீட்டுது."